எடைக்கருவிக்கு அடியில் ஒரு பலகை

எங்கள் ஆய்வு ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை எப்போதும் இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. மூலைகள் தேய்ந்துவிட்டன; ஒரு பக்கம் யாரோ சுண்ணாம்பு தடவிய கறை. காசநோயாளியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றதும் முதலில் இறங்குவது அதுதான். சாணம் மெழுகிய தரையானாலும் செங்கல் பாவிய திண்ணையானாலும் பலகையைப் போட்டு, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்து, அதன்மேல் எடைக்கருவியை வைப்போம். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பிறகு, “மடியில என்ன வச்சிருக்கீங்கம்மா?” சுருக்குப்பை வெளியே வரும். சாவிக்கொத்து, வெற்றிலைப் பொட்டலம், சில சமயம் ஒரு செல்போன். எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகுதான் ஏறச் சொல்வோம்.

இதற்கு இத்தனை பாடு எதற்கு என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். காசநோய்க்கான கூட்டு மாத்திரை எடைக் கணக்கில் கொடுக்கப்படுகிறது. பெரியவர்களில் 25 முதல் 34 கிலோ வரை உள்ளவருக்குத் தினம் 2 மாத்திரை. 35 முதல் 49 வரை 3. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 34க்கும் 35க்கும் நடுவில் நிற்கும் பெண்கள் நிறையப் பேர். ஒரு சுருக்குப்பையின் கனம் ஒரு மாத்திரையைக் கூட்டிவிடும். ஆய்வுக் கணக்கில் அவரை வேறொரு கட்டத்தில் உட்கார வைத்துவிடும்.

நான் நர்ஸாக வேலைக்கு வந்தவள். கடந்த 22 வருடங்களாக மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் நிதி அமைப்புகளோடும் சேர்ந்து நடந்த பல ஆய்வுகளில் நோயாளியின் வீட்டுப் படி ஏறியது என் போன்றவர்கள்தான். ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தத்திலும் “திறன் மேம்பாடு” என்றொரு பத்தி தவறாமல் இருக்கும். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்பது எனக்கு அந்தப் பலகையில்தான் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சேத்துப்பட்டுக்குப் போய் வர வேண்டும்.

சென்னை சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கும் இடம், 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முதல் பொறுப்பாளராக வந்தார். ஐந்து ஆண்டுத் திட்டம் என்றுதான் பேச்சு.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இந்தியாவில் இருந்த படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாது. லண்டனில் உட்கார்ந்து யோசித்தால் “எந்த மருந்து சிறந்தது?” என்ற கேள்விதான் முதலில் வந்திருக்கும். சென்னையில் நின்று பார்த்தவர்களுக்கு வேறு கேள்வி வந்தது: படுக்கை கிடைக்காதவரை அவர் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். சிலரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மற்றவர்களை வீட்டுக்கு. யார் எங்கே என்பதை எவர் விருப்பத்துக்கும் விடாமல் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஒரு வருடம்.

1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், வேலைக்குப் போனார்கள், ஒரே அறையில் பலரோடு படுத்தார்கள். அப்படியும் வித்தியாசம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இன்னொரு கட்டுரை வந்தது. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு ஏற்பட்ட நெருக்கமே பெரிய ஆபத்து என்று அது காட்டியது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்தத் தரையில்தான் கட்டப்பட்டது. இன்று உலகம் முழுக்கக் காசநோயாளி வீட்டிலிருந்து மருந்து சாப்பிடுகிறார் என்றால் அதற்கான முதல் உறுதியான சான்று நம் சென்னையின் சந்துகளிலிருந்து போனது.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த 1960ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே உள்ள வரியை. ஆண்ட்ரூஸ், தேவதத்தா, ஃபாக்ஸ், ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு. ஆறு பெயர்கள், ஆங்கில அகர வரிசையில். பொறுப்பாளரின் பெயர் மூன்றாவது இடத்தில். நான்கு பேர் இந்தியர்கள், அவர்களில் ராதாகிருஷ்ணா புள்ளியியலாளர். மறு ஆண்டு உணவு பற்றி வந்த கட்டுரையில் முதல் பெயரே ராமகிருஷ்ணன். மையம் தொடங்கி ஐந்து வருடம் அளவே ஆன காலம் அது. கணக்குப் போடும் வேலையை இங்கேயே வைத்துக்கொண்டார்கள், இங்குள்ளவர்கள் கையில் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுத் திட்டம் 1964இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிரந்தர நிறுவனமாயிற்று. வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும் விளக்கு அணையவில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமான இன்னொரு செய்தி அங்கே உண்டு. பாஸ் என்ற மருந்தைக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், நாளொன்றுக்கு 10 கிராம் அளவில். வயிற்றைப் புரட்டும். வீட்டில் இருப்பவர் சாப்பிட்டாரா, பரண்மேல் போட்டாரா என்று எப்படித் தெரியும்? மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி வந்து சோதித்தார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால் ஃபெரிக் குளோரைடு பட்டதும் சிறுநீர் நிறம் மாறிவிடும். பலர் மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டது அப்படித்தான் தெரிய வந்தது. அதிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது: தினமும் தானாகச் சாப்பிடச் சொல்வதற்குப் பதிலாக, வாரம் இரண்டு முறை நம் கண்முன்னே கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் அதிக அளவு ஐசோனியசிடையும் வைத்து அதையும் சோதித்தார்கள், பலித்தது. பிற்காலத்தில் டாட்ஸ் என்று உலகம் அழைத்த முறைக்கு வேர் அங்கே இருக்கிறது. வாசலில் நின்று சிறுநீர்க் குப்பியை வாங்கிய அந்த ஊழியர்களின் பெயர் எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் இல்லை. எனக்கு அவர்கள்தான் முன்னோர்.

வெளியூரில் பலித்தது இங்கே பலிக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதையும் நம் மண்தான் உலகத்துக்குச் சொன்னது. பி.சி.ஜி. தடுப்பூசி பிரிட்டனில் பதின்வயதினருக்கு முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு தந்தது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட மாபெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது இங்கே தடுக்கவில்லை. கசப்பான முடிவுதான். ஆனால் அந்த ஆய்வு நடக்காதிருந்தால், இல்லாத பாதுகாப்பை இருப்பதாக எண்ணிக்கொண்டு இன்னும் பல காலம் ஓட்டியிருப்போம்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு கூட்டு ஆய்வு. பெயர் வேண்டாம். மூன்று வருடம், நல்ல சம்பளம், 14 பேர் ஒப்பந்தத்தில். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வந்து இறங்கிய நாளில் ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது. ரத்தமும் சளியும் எடுத்தோம், பார்கோடு ஒட்டினோம், ட்ரை ஐஸ் பெட்டியில் அடைத்து விமானத்துக்கு அனுப்பினோம். தகவல்கள் எங்கள் கணினியில் தட்டியதும் கடல் தாண்டி ஒரு சர்வருக்குப் போய்விடும். நாங்கள் தட்டியதையே நாங்கள் திரும்பப் பட்டியல் போட்டுப் பார்க்க வழியில்லை. மூன்று வருடம் முடிந்தது. ஒப்பந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஃப்ரீசருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போட யாரிடமும் பணமில்லை. ஒரு கோடையில் கம்ப்ரசர் நின்றது. இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வெளிவந்ததை ஒரு பயிற்சி மருத்துவரின் செல்போனில் பார்த்தேன்.

அதே வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நெசவாளி, அந்த ஆய்வில் இருந்தவர். ஐந்து முறை ரத்தம் கொடுத்தவர். “சிஸ்டர், எங்க ரத்தம் என்ன சொல்லிச்சு?” என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை இங்கே எழுதி வைப்பதில் எனக்கு வெட்கமில்லை.

பலகை வேறொரு ஆய்வில் வந்தது. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த மூத்த புள்ளியியலாளர் ஒருவர், வருடத்துக்கு மூன்று வாரம் எங்கள் டேட்டா அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதல் நாளே, “கடைசியில் கட்டுரையில் வரப்போகும் அட்டவணைகளை இப்போதே வரையுங்கள், எண்கள் இல்லாமல்” என்றார். ஒரு நோயாளியையும் சேர்க்கவில்லை, அதற்குள் அட்டவணையா? வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் கேட்கத் திட்டமிட்டிருந்த கேள்விகளில் பாதி எந்தக் கட்டத்துக்கும் தேவைப்படவில்லை. தேவையான இரண்டு கேள்விகளை விட்டிருந்தோம். அவர் வரைந்து தந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். எங்களை வரைய வைத்ததால் ஒன்பது நாள் ஆனது. இந்த ஒன்பது நாளுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் புள்ளியியலாளர் விழுப்புரத்துப் பெண், அப்போது அவளுக்கு 26 வயது. மூன்றாம் வருடம் ஒரு மாலை என்னிடம் ஒரு தாளைக் கொண்டு வந்தாள். “அக்கா, இத பாருங்க. நாலு யூனிட்ல மூணு யூனிட்ல எடையோட கடைசி எண் கலந்து வருது. இந்த ஒரு யூனிட்ல மட்டும் எல்லாமே .0, இல்லன்னா .5.” தனித்தனியாகப் பார்த்தால் எந்த எடையிலும் பிழை தெரியாது. 38.5 என்பது நம்பக்கூடிய எடைதான். அதனால் சர்வர் ஒன்றையும் கொடி காட்டி நிறுத்தவில்லை. மொத்தமாக வரிசைப்படுத்திப் பார்த்த அவள் கண்ணுக்குத்தான் பட்டது.

மறுநாள் நானும் அவளும் அந்தக் களப்பணியாளரோடு போனோம். மண் தரையில் கருவி சாய்ந்து, முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. பாவம், அவர் நடுவில் ஒரு எண்ணைப் பார்த்துக் குறித்து வந்திருக்கிறார். திட்டவில்லை. ஊருக்குள் இருந்த தச்சரிடம் போய்ப் பலகை வாங்கினோம், 60 ரூபாய். முந்தைய எடைகளை எதுவும் மாற்றவில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதியிலிருந்து சரியானது என்று கோப்பில் குறிப்பு எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டோம். ஆய்வுப் பதிவேட்டில் தவறை அழிக்கக் கூடாது. ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், இனிஷியல், தேதி. வெள்ளை மை எங்கள் அறைக்குள்ளேயே வராது.

அந்த ஆய்வின் பணம் தீர்ந்து பல வருடம் ஆகிறது. விழுப்புரத்துப் பெண் இன்று நான்கு ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கூட்டில் எங்களுக்குக் கிடைத்தவற்றில் நான் முதலில் எழுதுவது அவள் கண்ணை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. படிவம் ஆங்கிலத்தில் வரும். நகரத்தில் யாரோ தமிழாக்குவார்கள், இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பார். இரண்டு ஆங்கிலமும் பொருந்தினால் சான்றிதழ் கிடைத்துவிடும். நடுவில் இருக்கும் தமிழ், நோயாளிக்குப் புரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. “சமவாய்ப்பு ஒதுக்கீடு” என்று ஒரு படிவத்தில் இருந்தது. ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாதி சர்டிபிகேட் கொண்டாரணுமா?” என்றார். ஒதுக்கீடு என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான், தவறு எங்களுடையது. இன்னொன்றில் “குலுக்கல்” என்று எழுதினார்கள். குலுக்கலில் பெயர் வந்தால் பரிசு. புது மருந்துக் குழுவில் விழாதவர்கள் தோற்றுப்போன முகத்தோடு எழுந்து போனார்கள். “மருந்துப்போலி” என்ற சொல் இன்னும் மோசம். போலி மருந்து பிடிபட்ட செய்தியைப் பேப்பரில் படிக்கிற மக்களிடம் அதை எப்படிச் சொல்வது?

இப்போது நாங்கள் இப்படிச் சொல்கிறோம்: “ரெண்டு விதமா மருந்து கொடுக்கிறோம். எது மேல்னு எங்களுக்கே தெரியாது, தெரிஞ்சிக்கத்தான் இந்த ஆய்வு. யாருக்கு எதுன்னு டாக்டரும் தேர்ந்தெடுக்க மாட்டார், நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது. கம்ப்யூட்டர் பிரிக்கும்.” நீளம்தான். படிவத்தை முதலில் ஆறு பேரிடம் படித்துக் காட்டி, அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, சிக்கும் இடத்தைத் திருத்தி, பிறகே நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புகிறோம். படிக்கத் தெரியாதவரிடம் ரேகை வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும் என்பது விதி. நான் இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். “எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்” என்று சொன்ன பிறகு சற்று நேரம் சும்மா இருப்பேன். அந்த இடைவெளியில்தான், “டாக்டர் கோவிச்சிக்க மாட்டாரே?” என்ற கேள்வி வரும். அது வந்து, நான் பதில் சொன்ன பிறகுதான் எனக்குக் கையெழுத்தில் நம்பிக்கை.

உணவைப் பற்றி ஒரு மனத்தாங்கல் எனக்கு நெடுநாளாக உண்டு. 1961ஆம் ஆண்டுக் கட்டுரை, நல்ல மருந்து ஒழுங்காகப் போனால் குறைந்த உணவிலும் கிருமி அடங்கும் என்று காட்டியது. உண்மையான முடிவு. ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்கள், காசநோய்க்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை என்கிற அளவுக்கு நீட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். எடைக்கருவியில் 33 கிலோ காட்டும் பெண்ணிடம் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு வருவது எப்படி இருக்கும் என்று வீடு வீடாகப் போகிறவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்ததும் இந்தியர்கள்தான். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ரேஷன்ஸ் என்ற ஆய்வு நடந்தது. பணம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினுடையது. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் 10,345 பேர். ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை. 2023இல் வந்த முடிவின்படி அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே வழியில் வந்ததுதான். நோயாளி நிற்க முடிகிறதா, மூச்சு எப்படி, ஆக்சிஜன் எவ்வளவு, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதை வடிவமைத்ததில் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட ஊர், இன்று தன் கேள்வியைத் தானே கேட்கிறது. சேத்துப்பட்டில் ஆய்வாளராக வேலை பார்த்து, இயக்குநரான சௌம்யா சுவாமிநாதன் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியானார். பாதை இரு பக்கமும் திறந்திருக்கிறது.

கூட்டு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஃபாக்ஸ் வந்திராவிட்டால் எத்தனை பேர் படுக்கைக்குக் காத்திருந்தே போய்ச் சேர்ந்திருப்பார்கள்! ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நம் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. தகவலின் முழுப் பிரதி ஒன்று இங்கே இருக்கட்டும். கணக்குப் பார்க்க இங்கே ஒருவருக்குச் சம்பளமும் பயிற்சியும் எழுதுங்கள். ஃப்ரீசர் வாங்கும் தாளிலேயே அதன் பத்து வருடப் பராமரிப்பையும் எழுதுங்கள். முடிவு வந்ததும் ஒரு பக்கத் தமிழில் நோயாளிகளுக்குச் சொல்ல, பெட்ரோல் காசு உட்பட, ஒரு தொகை ஒதுக்குங்கள்.

அந்தக் கடைசி வேலையை நாங்கள் இப்போது செய்கிறோம். ஆய்வு முடிந்ததும் ஜீப் இன்னொரு முறை போகிறது. அந்த முறை எடைக்கருவி கிடையாது, ஊசி கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து என்ன தெரிய வந்தது என்று சொல்லிவிட்டு வருகிறோம். நெசவாளிப் பெரியவரைத் தேடிப் போனபோது அவர் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பழைய கட்டுரையில் இருந்ததை அவர் மகனிடம் சொன்னேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாரையாவது நாளைக்கு ஓர் ஆய்வில் சேரக் கேட்கலாம். பயப்படாதீர்கள். படிவத்தை வாங்கிப் படியுங்கள், வீட்டில் கலந்து பேச ஒருநாள் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன், “முடிவு வந்தா எங்களுக்கும் வந்து சொல்வீங்களா?” என்று கேளுங்கள்.